ஞாயிற்றுக்கிழமை மேடம்

பொறாமை என்று எழுத எனக்கு வெட்கமில்லை. பக்கத்து வீட்டில் புது வாஷிங் மெஷின் வந்து இறங்கும்போது வருகிற பொறாமை இல்லை இது. அது ஒரு வாரத்தில் ஆறிவிடும். கட்டின புருஷன் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இன்னொரு பெண்ணிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் நான் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தவளே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு நான் முறையாக விண்ணப்பம் போட்டு, ஃபீஸும் கட்டியிருந்தேன்.

நான் படித்தது குடும்ப நிதி ஆலோசனையில் முதுநிலைப் பட்டயம். எல்லாமே ஆன்லைனில். சேலையூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஃபீஸ் வாங்கும் கவுன்ட்டரில் இருக்கிறேன். டேர்ம் தொடங்கும்போது ஒரு பிள்ளையின் அப்பா தனியாக வந்து, "வீட்டுக்குத் தெரிய வேணாம் மேடம், கொஞ்சம் டைம் குடுங்க" என்பார். மறுநாள் அதே பிள்ளையின் அம்மா வந்து, "அவருக்குத் தெரிய வேணாம் மேடம்" என்று அதையே கேட்பார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். இவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேச வைக்க யாராவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனதும் அவள் அறை காலியானது. அந்த யாராவது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சேர்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாயங்காலம் மகளின் மேசையில் லேப்டாப்பைத் திறந்தால் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். நான் சந்தேகம் கேட்க வாயைத் திறந்தால் ஒன்று வந்துவிடும். மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். மதுரையிலிருந்து படித்த ஒருவர், "அக்கா, ப்ளேன் எறங்கிடுச்சா?" என்று எழுதுவார். இருந்தாலும் முதல் வருடத் தேர்வுகளில் வகுப்பிலேயே நான்தான் முதல். அதைச் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை, கஷ்டப்பட்டுப் படித்தேன்.

இரண்டாம் வருடம் செய்முறைப் பயிற்சி. அதில்தான் வந்தது வினை. சொந்தக் குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு ஜோடியாக வருகிறவள் என் வீட்டுக்கு ஆலோசகர், அவள் வீட்டுக்கு நான். பேராசிரியர் இதை ஆங்கிலத்தில் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, "பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரிதானே சார்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஜோடி ஜோடியாக எல்லோரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வாய்த்த சம்பந்தி ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கைக்குழந்தைக்காரி. ஷேர் ஆட்டோவில் ஏறினால் போய்விடும் தூரம், ஆனால் திரையைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. பாடத்தில் சுமார். கட்டுரைகளைக் கடைசி நாள் தாண்டித்தான் அனுப்புவாள். கூட்டு வட்டியில் அவளுக்கு வந்த சந்தேகத்தைக் கேட்டு நான் மைக்கை அணைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். அவளை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

விதிகள் கண்டிப்பானவை. ஆலோசனை அறையில் சொன்னது அங்கேயே இருக்க வேண்டும். கணவன் சொன்னதை மனைவியிடமோ, மனைவி சொன்னதைக் கணவனிடமோ ஆலோசகர் வாய் திறக்கக் கூடாது. சொன்னவர்தான் சொல்லலாம். பதிவு மதிப்பிடுபவருக்கு மட்டும் போகும். முதலில், படிக்கிறவரை விட்டுவிட்டு மற்றவரிடம் தனியாகப் பேச வேண்டும், கடைசியில் இருவரையும் சேர்த்து ஒரு முறை.

என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. லைன் சூப்பர்வைசர். நல்ல மனிதர், குடி கிடையாது, ஞாயிறு தவறாமல் முதல் ஆராதனைக்கு வந்துவிடுவார். ஆனால் பேச்சு மட்டும் கிடையாது. அவர் வாயிலிருந்து ஒரு விஷயத்தை எடுக்கப் பாதாளக் கரண்டி போட வேண்டும். அதிலும் அந்த ஒரு வருடமாக ஏதோ சரியில்லை. வேலை விட்டு வந்து ஸ்கூட்டரைக் கீழே நிறுத்துவார். நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். ஃபோனும் பார்க்க மாட்டார். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். நெடுநேரம் கழித்துத்தான் மாடியேறி வருவார்.

"கம்பெனியில ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லன்றேன்ல."

சம்பளம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அதனால் எங்கே கைவைத்துத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒண்ணுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் அதை என்னிடம் சொல்ல வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த பெரிய ஆசை அதுதான், பட்டயம்கூட அப்புறம்தான்.

ஆகவே, இவரைச் சம்பந்தியிடம் ஒப்படைத்தபோது எனக்குக் கவலையே இல்லை. என்னிடம் திறக்காத வாய் இவளிடமா திறக்கப்போகிறது, பாவம், நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் மனிதர் சட்டையை இஸ்திரி போட்டார். என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கசங்கிய சட்டையோடு வந்தவர். மேலே சட்டை, கீழே கைலி. தலையை வாரிக்கொண்டு, "நெட் ஒழுங்கா வருதா பாரு" என்றார். லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். திரையில் அவள் வந்தாள். பின்னால் பூப்போட்ட திரைச்சீலை, மூக்குத்தி, தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு ஒரு பார்வை.

"வணக்கம் சார். சாப்டீங்களா?"

"ஆச்சு மேடம். நீங்க சாப்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. சாப்பிட்டாயா என்று இந்த மனிதர் என்னைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது? சமைக்கிறவள் சாப்பிட்டிருப்பாள் என்று ஒரு நம்பிக்கை போலிருக்கிறது. விதிப்படி நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அடுக்களைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே சுவர். முதலில் சத்தமில்லை. நான் நினைத்ததுதான் என்று வெங்காயத்தை எடுத்தேன். அப்புறம் அவர் குரல் கேட்டது. கேட்டது, நிற்கவில்லை. பேசிக்கொண்டே போனார். அவர் குரலில் அத்தனை நீளமான வாக்கியங்கள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் கறி. முக்கியமாக ஏதோ சொல்ல வரும்போதெல்லாம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் போனேன். அந்த நேரம் பார்த்து அவர் சிரித்தார். தொண்டையைத் திறந்து, நன்றாகச் சிரித்தார். நான் அடுப்பைத் திரும்பப் பற்ற வைக்க மறந்துபோனேன்.

வேகாத கறியை அவர் மென்றே சாப்பிட்டு முடித்தார்.

"என்ன பேசினீங்க?"

"சும்மா, பொதுவா."

"இவ்ளோ நேரம் பொதுவாவா?"

"அந்தப் பொண்ணு நல்லா கேட்டுக்குதும்மா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் பாஸ்புக்கைக் கேட்டார். எதற்கு என்றேன். நாமினி பெயரை மாற்ற வேண்டுமாம். அவர் கணக்கில் இன்னும் இறந்துபோன மாமனாரின் பெயர்தான் இருந்தது. மாமனாரை அடக்கம் செய்த வருடத்திலிருந்து நான் அதைச் சொல்லிவருகிறேன். சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன், கெஞ்சியும் சொல்லியிருக்கிறேன். ஃபாரத்தை வாங்கி நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கூட வைத்திருக்கிறேன்.

"இத்தனை நாள் நான் சொன்னப்ப?"

"மேடம் சொன்னாங்க. கரெக்டா எடுத்துச் சொன்னாங்க."

அவள் என்னத்தை எடுத்துச் சொல்லியிருப்பாள்? நாமினி பற்றிய பாடத்தை அவளுக்குப் புரிய வைத்தவளே நான்தான். என் சரக்கை வாங்கி என் வீட்டிலேயே விற்கிறாள் என்று வயிறு எரிந்தது.

என் பக்கத்துக் கதை வேறு. அவளுடைய கணவர் துரைப்பாக்கத்தில் ஐடி கம்பெனியில் வேலை செய்பவர். மரியாதையான பிள்ளை. என்ன கேட்டாலும், "ஆல் குட் மேம்" என்பார். அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்றால், "யெஸ் மேம்." வீட்டில் பணம் பற்றிப் பேசுவீர்களா என்றால், "பேசுவோம் மேம்." அப்புறம் ஒரு அமைதி வரும். அந்த அமைதி எனக்கு ஆகாது. பள்ளிக்கூட மணி அடித்தும் வாத்தியார் வராத வகுப்பு மாதிரி இருக்கும். உடனே நான் காப்பீட்டைப் பற்றியும் ஓய்வுகாலச் சேமிப்பைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அவர் தலையாட்டுவார். இப்படியே முடிந்துவிடும்.

மதிப்பிட்டவர் எனக்கு எழுதியிருந்தார்: ஆலோசகருக்குப் பாட அறிவு சிறப்பாக இருக்கிறது, குடும்பத்தினருக்கும் பேச இடம் கிடைத்தால் நன்றாக இருக்கும். அவளைப் பற்றி வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். மௌனத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பேசாமல் இருப்பதற்கெல்லாம் மார்க் உண்டென்றால், என் வீட்டுக்காரருக்கு டாக்டர் பட்டமே கொடுத்திருக்க வேண்டும்.

நானும் முயற்சி செய்தேன், மறைப்பானேன். பள்ளிக்கூடக் கவுன்ட்டரில் ஓர் அம்மா வந்து நின்றபோது, அவளைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒன்றும் பேசாமல் பார்த்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "இன்னா மேடம், கய்த்து புடிச்சிகிச்சா? தைலம் எதுனா தடவுங்க" என்றார்.

ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஞாயிறு கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டு விலகுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"என்னம்மா இங்க?"

"துணி காயப் போட வந்தேன்."

அங்கே கொடியும் கிடையாது, என் கையில் துணியும் கிடையாது. அவர் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் கண்ணோரம் சிவந்திருந்தது. சிரித்துச் சிவந்ததா அழுது சிவந்ததா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. திரையில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு டம்ளர்களை நசுங்கத் தேய்த்தேன்.

அவளை நேரில் பார்த்தது தாம்பரம் மார்க்கெட்டில், ஒரு சனிக்கிழமை. கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, "அக்கா, நீங்கதான?" என்று ஒரு குரல். திரும்பினால் அவள். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். இடுப்பில் குழந்தை, கையில் கட்டைப்பை, நெற்றியெல்லாம் வேர்வை. இவளையா நான் பெரிய மோகினி மாதிரி நினைத்து வைத்திருந்தேன் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. ஆளுக்கொரு கரும்புச்சாறு வாங்கி ஓரமாக நின்றோம்.

"உங்க வீட்டுக்காரர் எவ்ளோ நல்லா பேசறாருக்கா. கேட்டுட்டே இருக்கலாம்."

"யாரு, எங்க வீட்டுக்காரரா?"

"ஆமாக்கா. எங்க வீட்டுலயும் உங்களைப் பத்திச் சொல்வாரு. அந்தக்கா வந்துட்டா நமக்கு வேலையே இல்ல, அவங்களே பேசிடறாங்க, ஈஸியா இருக்குன்னு."

குத்திச் சொல்லவில்லை, நல்ல விதமாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் வலித்தது. வலித்த வேகத்தில் கேட்டுவிட்டேன்.

"கம்பெனியைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ரூல் உங்களுக்கே தெரியும்லக்கா."

"ரூலெல்லாம் இருக்கட்டும். சொன்னாரா இல்லையான்னு மட்டும் சொல்லு."

அவள் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நானாகப் பேச ஆரம்பித்தேன். ஸ்கூட்டர் மேல் அவர் உட்கார்ந்திருப்பது, ஜன்னலில் நான் நிற்பது, கூப்பிட்டால் அதே ஒண்ணுமில்லையோடு மேலே வந்துவிடுவாரோ என்று பயந்து கூப்பிடாமலே இருப்பது, யாரிடமும் சொல்லாததையெல்லாம் தாம்பரம் மார்க்கெட் நடுவில், ஜனங்கள் இடித்துக்கொண்டு போக, சொல்லிவிட்டேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

"இதை அவர்கிட்டயே கேளுங்கக்கா" என்றாள் கடைசியில்.

"கேட்டேன். ஒண்ணுமில்லன்றாரு."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாலு திட்டு திட்டுவேன்."

அவள் சிரித்தாள். ஷேர் ஆட்டோ வந்ததும் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டிவிட்டு ஏறிப்போய்விட்டாள். பாடம் தெரியாதவள் என்று இனிமேல் அவளைச் சொல்ல முடியாது என்று எனக்குப் புரிந்துபோனது. தெரியாதவளாக இருந்திருந்தால் பொறாமையைக் கொஞ்சம் கேலியாகவாவது மாற்றியிருக்கலாம்.

கடைசியாக இருவரையும் சேர்த்து வைத்துப் பேசும் நாள் வந்தது. மகளின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. விட்டுக்கொடுப்பேனா, நானும் நல்ல புடவையாகத்தான் கட்டியிருந்தேன். அவள் ஒரு பயிற்சி கொடுத்தாள். அவர் ஒன்றைச் சொல்வார், நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. இந்தப் பயிற்சியைப் பற்றித் தேர்வில் நான் இரண்டு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எதையாவது இவகிட்ட சொல்லணும்னா, இவ என்ன சொல்வான்னு யோசிச்சு, அதுக்குப் பதிலும் ரெடி பண்ணிக்கிட்டுத்தான் வரணும். அதுக்குச் சொல்லாமலே இருந்துடலாம்னு தோணும்."

நான் திருப்பிச் சொன்னேன். "இவர் என்கிட்ட எதாவது சொல்லணும்னா பதில் ரெடி பண்ணிக்கணுமாம். அதனால சொல்றதில்லையாம். நான் என்ன கோர்ட்டா?"

"கடைசி வார்த்தை சார் சொல்லலையேக்கா. இன்னொரு தடவை."

"சொல்லாமலே இருந்துடலாம்னு தோணுமாம். ஆனா ஒரு விஷயம்..."

"ஆனான்னும் சார் சொல்லல."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு. இரண்டு பேரும் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. முகம் எரிந்தது. மூன்றாம் தடவை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. இதோ, வந்துவிட்டது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவளும் ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள்.

"இன்னிக்கு இது போதும் மேடம்" என்றார் அவர், திரையைப் பார்த்து.

அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த விஷயம் அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

படிப்பு முடிந்தது. எழுத்துத் தேர்வில் நான் முதல், செய்முறையில் அவள் முதல். வாழ்த்துச் செய்தி அனுப்பினேன், மூன்று கைதட்டல் பொம்மைகளோடு. ஒன்றுகூட மனதாரப் போட்டதில்லை. வீட்டில் அவர் பழையபடி ஊமையாகிவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால், என்ன செய்வதென்று தெரியாதவர் போல மகளின் அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்புவார்.

"இனிமே செஷன் கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"படிப்புதான் முடிஞ்சுதே. வேணும்னா நம்பர் தரேன். உங்க மேடத்துக்கிட்ட பேசிக்கங்க."

"சேச்சே, அது நல்லா இருக்காது" என்றார். நான் குத்தியது அவருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த சில வாரங்களில் ஒரு ஞாயிறு. நான் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நீயும் அதே படிப்புதான படிச்ச?"

"அவளைவிட நல்லாவே படிச்சேன்."

"அப்ப ஒண்ணு பண்ணு. நான் ரூம்ல போய் உக்காந்துக்கறேன். நீ ஹால்லேந்து வீடியோ கால் போடு."

கிண்டல் என்றுதான் நினைத்தேன். அவர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிக்ஸியை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வணக்கம் மேடம். சாப்டீங்களா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரையில் இருந்த முகத்தில் சிரிப்பு இல்லை. என் சிரிப்பும் நின்றுவிட்டது.

"இனிமேதான். நீங்க சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் குரல் எனக்கு இரண்டு முறை கேட்டது. சுவர் வழியாக ஒரு முறை, கொஞ்சம் பின்தங்கி ஃபோனில் ஒரு முறை. அவரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. லைனுக்கு இப்போது சூப்பர்வைசர், இவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவன். டிப்ளமோ படித்தவன். சம்பளத்தில் கைவைக்கவில்லை, அதனால் வெளியே தெரியவில்லை. தொப்பி மட்டும் நீலத்திலிருந்து மஞ்சளாகிவிட்டது. யூனிஃபார்மை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான் பார்த்துவிடுவேன் என்று அங்கேயே லாண்டரிக்குப் போடுகிறார். துவைக்கிற வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். "நேரா மேல ஏறி வந்தா மூஞ்சியிலயே தெரிஞ்சுடும் மேடம். அதான் கொஞ்ச நேரம் வண்டி மேலயே உக்காந்துட்டு வருவேன்."

கம்பெனியே பணம் கட்டி அந்த டிப்ளமோவைப் படிக்க வைக்கிறேன் என்றது, பல வருடங்களுக்கு முன்னால். படியுங்கள் என்று நான் தலைகீழாக நின்றேன். அனுபவம் இருக்கும்போது படிப்பு எதற்கு என்று விட்டுவிட்டார். நான் அப்பவே சொன்னேனே என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுல அப்பவே சொன்னாங்க மேடம்" என்றார் அவர். "அவ சொன்னதுதான் சரி. தப்பா சொல்லியிருந்தா எப்பவோ போய்ச் சொல்லியிருப்பேன்."

நான் பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போகவில்லை. அங்கே நான் போனால் மேடம் போய்விடுவாள், அவரும் வாயை மூடிக்கொள்வார்.

"இதை உங்க வீட்டுல சொல்லிட்டீங்களா சார்?" படிப்பில் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"இல்ல மேடம். சொல்லணும். நீங்க சொல்லிடாதீங்க, நானே சொல்றேன்."

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

அழைப்பைத் துண்டித்ததும் கதவு திறந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், கண்ணைத் துடைத்திருந்தார். "பசிக்குதும்மா" என்றார். கறியை வேக வைத்து இறக்கி, இலை போட்டதுபோல எல்லாம் பரிமாறினேன். சொல்வார் சொல்வார் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கறி நன்றாக வெந்திருக்கிறது என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் ஞாயிறுகள் வருகின்றன. மேடத்திடம் எல்லாம் சொல்கிறார். புது சூப்பர்வைசர் இன்னமும் இவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறானாம். ஸ்டோர்ஸ் வேலை பழகிவிட்டதாம், வெட்கம்தான் பழகவில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அவர் இன்றுவரை லைன் சூப்பர்வைசர். தெரிந்த மாதிரி ஒரு கண்ணசைவுகூடக் காட்டாமல் இருக்கிறேன், ஏனென்றால் வாக்குக் கொடுத்தவள் மேடம். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி மேல் இருந்த பொறாமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போன வாரம்தான் குழந்தையின் பிறந்தநாளுக்குப் போய் கவுன் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்ற ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தபோது, தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"உங்க புது மேடம் எப்படி?"

ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்தார்.

"ரொம்ப நல்ல மாதிரிம்மா. அவங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவரு."